கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி

நம் வீடுகளில் படித்த பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது. தண்ணீர்க் கட்டணம், ஊழியர் சேமநிதி அறிக்கை, வங்கிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் என எது வந்தாலும் “இதுல என்னப்பா போட்டிருக்கான்?” என்ற கேள்வியோடு அது நம் கைக்கு வந்துவிடும். ஆறாம் ஆண்டு படிக்கும்போதே நான் இந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆனால் 2019-ஆம் ஆண்டில் வந்த ஒரு கடிதத்தைப் படித்தபோதுதான், படித்துச் சொல்வது மட்டும் போதாது, கேள்வியும் கேட்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அந்த அனுபவத்தையும் அதிலிருந்து எனக்குத் தோன்றிய கருத்தையும் நம் கழக ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதம், ஒரு மழை நாளில், தஞ்சோங் மாலிம் அருகே நெடுஞ்சாலையில் அப்பாவின் மைவி காடி வழுக்கி இரும்புத் தடுப்பில் மோதியது. வேறு எந்த வாகனமும் சம்பந்தப்படவில்லை. கடவுள் புண்ணியத்தில் அப்பாவுக்குத் தோளில் மட்டும் அடி. காடிதான் முன்பக்கம் முழுவதும் நசுங்கிப் போனது. அன்றைக்கே போலீசில் புகார் செய்தோம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான்.

மூன்று வாரம் கழித்துக் காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் வந்தது. பழுதுபார்க்க ஆகும் செலவு காடியின் விலைக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அதை ‘முழுச் சேதம்’ என்று முடிவு செய்திருப்பதாகவும், 22,500 ரிங்கிட் இழப்பீடு தருவதாகவும் அதில் எழுதியிருந்தது. கூடவே ஒரு பாரம். ‘இத்தொகையை முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வாசகம், அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

காப்புறுதி ஏஜெண்ட் அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். “அண்ணே, இன்னைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, காசு சீக்கிரம் வந்துரும்” என்றார். அப்பாவும் பேனாவைத் தேடினார். “கொடுக்கறத வாங்கிக்குவோம்பா, பெரிய கம்பெனிகிட்ட நமக்கு எதுக்கு வம்பு” என்றார்.

நண்பர்களே, என் கட்டுரையின் மையமே இந்த ஒரு வாக்கியம்தான். நம் சமுதாயம் எத்தனை இடங்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லி எழுந்து வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!

எந்தத் தொகை நியாயமான தொகை?

அப்பாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. “28,000-க்குத்தானே காப்புறுதி எடுத்தோம், ஏன் 22,500 தர்றான்?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இந்த இடத்தில் தவறு எங்கள் பக்கம்தான்.

நம் நாட்டில் பெரும்பாலான முழுமைக் காப்புறுதிகள் ‘சந்தை விலை’ அடிப்படையில் எடுக்கப்படுகின்றன. அப்படி எடுத்தால், விபத்து நடந்த நேரத்தில் அதே ரகம், அதே வயது, அதே நிலையில் உள்ள இன்னொரு காடியை வாங்க எவ்வளவு ஆகுமோ அதுவும், நாம் காப்புறுதி எடுத்த தொகையும் ஒப்பிடப்படும். இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அப்பா முந்தைய ஆண்டு போட்ட 28,000-ஐ மாற்றாமல் அப்படியே புதுப்பித்திருந்தார். காடியின் விலை இறங்கியிருந்தது. அவர் கட்டிய சந்தா மட்டும் இறங்கவில்லை. கூடுதலாகக் கட்டிய பணத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

இதற்கு எதிரான தவறும் உண்டு. சந்தாவைக் குறைப்பதற்காகச் சிலர் குறைந்த தொகைக்குக் காப்புறுதி எடுக்கிறார்கள். காப்புறுதித் தொகை சந்தை விலையில் 90 விழுக்காட்டுக்கும் கீழே போனால், சிறிய விபத்திலும் இழப்பில் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டி வரும். எடுத்துக்காட்டாக, 40,000 ரிங்கிட் மதிப்புள்ள காடிக்கு 30,000-க்கு மட்டும் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்க 8,000 ஆனால், நிறுவனம் நாலில் மூன்று பங்கான 6,000-ஐத்தான் தரும். மிச்சம் 2,000 நம் கையிலிருந்து. முழுச் சேதமானால் 30,000-க்கு மேல் ஒரு காசு வராது.

மூன்றாவது வழி ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’. காப்புறுதி எடுக்கும்போதே இரு தரப்பும் ஒரு தொகையை முடிவு செய்துவிடும். காடி முழுச் சேதமானாலோ திருடு போனாலோ அந்தத் தொகை கிடைக்கும். அப்போது விலைப் பேரம் தேவைப்படாது. வேலைக்குச் சேர்ந்து முதல் காடி வாங்கப்போகும் தம்பி தங்கைகள், புதுப்பிக்கும் நாளில் ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: “இது சந்தை விலையா, ஒப்புக்கொண்ட மதிப்பா?”

ஆக, 28,000 எங்களுக்குச் சேர வேண்டியதில்லை என்பதை அப்பாவுக்கு முதலில் புரிய வைத்தேன். கேட்கத் தகாததைக் கேட்டால், கேட்கத் தகுந்ததும் கைநழுவிப் போகும். அடுத்த கேள்விதான் முக்கியம்: 22,500 என்பது உண்மையிலேயே சந்தை விலையா?

நாங்கள் செய்தது என்ன?

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வழக்கறிஞரைப் பார்க்கவில்லை, யாரிடமும் சத்தம் போடவில்லை. நான்கே காரியங்கள்தான்.

முதலாவதாக, பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. ‘முழுமையான, இறுதியான’ என்ற சொற்களுக்குப் பொருள் உண்டு. கையெழுத்து விழுந்த பிறகு வாய் திறப்பது மிகவும் கடினம்.

இரண்டாவதாக, இந்தத் தொகை எதன் அடிப்படையில் வந்தது என்று எழுத்துமூலம் கேட்டோம். சந்தை விலையைக் கணிக்க மலேசியாவில் பல காப்புறுதி நிறுவனங்கள் ஐஎஸ்எம் நிறுவனத்தின் வாகன விலைத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. தரவுத்தளம் சரியாகத்தான் பதில் சொல்லும். ஆனால் அதனிடம் கேட்கப்படும் கேள்வி சரியாக இருக்க வேண்டுமே! எந்த ரகம், எந்த ஆண்டு, எந்த கியர் என்பதில் ஒன்று பிசகினாலும் விலை மாறிவிடும். எங்களுக்கு வந்த பதிலில் காடியின் விவரங்கள் ஒரு பட்டியலாக இருந்தன. ஆண்டு 2013, சரி. இயந்திரம் 1.3, சரி. கியர்? கையால் மாற்றும் கியர் என்று இருந்தது. எங்களுடையது ஆட்டோ! முட்டி வலிக்கிறது என்பதற்காகவே அப்பா ஆட்டோ வாங்கினார்.

யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் தவறான எழுத்தைத் தட்டியிருக்கிறார். அவ்வளவுதான். இதில் சூழ்ச்சி இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால், அந்தத் தவறு யாருக்கும் தெரியாமலேயே எங்கள் வீட்டுக் கணக்கில் நட்டமாகப் போயிருக்கும்.

மூன்றாவதாக, சான்றுகளைச் சேகரித்தோம். வாகனப் பதிவு அட்டையின் நகல், பட்டறையில் முறையாகப் பராமரித்த கையேடு, விபத்துக்கு நான்கு மாதம் முன்பு மாற்றிய டயர்களின் ரசீது, விபத்துக்கு முன் எடுத்த படங்கள். அதே ஆண்டு, அதே ரகம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய காடிகளின் விற்பனை விளம்பரங்கள் ஆறு. விளம்பரத்தில் உள்ளது விற்பவர் கேட்கும் விலை. பேரம் பேசிய பிறகு அது குறையும். அதையும் மறைக்காமல் கடிதத்திலேயே எழுதினோம். நம் வாதத்தில் உள்ள பலவீனத்தை நாமே ஒப்புக்கொண்டால், மற்றவற்றுக்கு மதிப்புக் கூடும் என்பது சொற்போர் மேடையில் நான் கற்றது.

நான்காவதாக, ஒரே பக்கத்தில் ஒரு கடிதம். கியர் தவறு, சான்றுகள், நாங்கள் கேட்கும் தொகை 26,500. கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கும், பிறகு குறைதீர்ப்பாளரிடமும் செல்வோம் என்று கடைசி வரியில் பணிவாகக் குறிப்பிட்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 25,200 ரிங்கிட். நாங்கள் கேட்டதைவிடக் குறைவு, முதலில் தந்ததைவிட 2,700 அதிகம். அப்பா இம்முறை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் எனக்குப் படித்துக் காட்டச் சொன்னார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

2,700 வெள்ளி பெரிய தொகையா?

மாதம் பத்தாயிரம் சம்பாதிப்பவருக்கு இல்லாமல் இருக்கலாம். எங்கள் கணக்கைக் கேளுங்கள்.

காடி வாடகைக் கொள்முதல் கடனில் இருந்தது. ஒன்பது ஆண்டுத் தவணை. கடன் முடியும்வரை இழப்பீட்டில் முதல் உரிமை வங்கிக்குத்தான். எங்களுக்கு மிச்சம் 34 தவணைகள், மாதம் 530 வெள்ளி, ஆக 18,020 என்று அப்பா கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனால் முன்கூட்டியே கடனைத் தீர்க்கும்போது வருங்கால வட்டியில் ஒரு பகுதி கழிக்கப்படும். வங்கியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் கேட்டு வாங்கியபோது அது 16,800 என்று வந்தது. இதையும் கேட்காமல் யாரும் தருவதில்லை!

22,500-ல் இருந்து 16,800 போனால் கையில் நிற்பது 5,700. 25,200-ல் இருந்து போனால் 8,400. ஓய்வு பெற்ற ஒருவருக்கு அடுத்த காடியின் முன்பணம் இதுதான். மேலும், தன் காப்புறுதியிலேயே இழப்பீடு கோரியதால், ஐந்து ஆண்டுக்கு மேல் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த 55 விழுக்காட்டுச் சந்தாக் கழிவும் அப்பாவுக்குப் போய்விட்டது. அடுத்த காடிக்கு முழுச் சந்தா. ஆகவே அந்த 2,700 எங்களுக்கு ஆதாயம் அல்ல. இழந்ததில் ஒரு பகுதி.

மறுப்புகளுக்கு என் பதில்

“கூடக் கேட்பது பேராசை இல்லையா?” என்று சிலர் கேட்கலாம். உண்மையில் ஓடாத புதிய டயரை ஓடியதாகச் சொல்வதும், இல்லாத பாகத்துக்குக் கணக்குக் காட்டுவதும் பேராசை மட்டுமல்ல, மோசடி. நம்மில் சிலர் அப்படிச் செய்வதைக் கெட்டிக்காரத்தனமாகப் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும். அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைக் கேட்பது எப்படிப் பேராசையாகும்? நாம் சந்தாவில் ஐந்து வெள்ளி குறைத்துக் கட்டினால் நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமா?

“ஏஜெண்ட் நம்ம ஆள், அவர் மனசு நோகக் கூடாது” என்பது அடுத்த மறுப்பு. எங்கள் ஏஜெண்ட் நல்ல மனிதர். இன்றும் அவரிடம்தான் காப்புறுதி எடுக்கிறோம். ஆனால் தொகையை முடிவு செய்பவர் அவர் அல்லர். சேதத்தை மதிப்பிடுபவர் வேறு, முடிவெடுப்பவர் வேறு. அவரிடம் கோபிக்கவும் வேண்டாம், அவருக்காக விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

மூன்றாவது மறுப்புத்தான் உண்மையில் கனமானது. “பேசிக்கொண்டிருக்க நேரம் ஏது? காடி இல்லாமல் வேலைக்குப் போவது எப்படி? வங்கித் தவணை நிற்காதே!” ஆம், நிற்காது. காடி நசுங்கிக் கிடந்தாலும் கடன் தீரும்வரை தவணை கட்டியே ஆக வேண்டும். எளிய மக்கள் முதல் தொகைக்கே கையெழுத்துப் போடுவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல, இந்த நெருக்கடியும் காரணம். அப்பா அந்த நாட்களில் என் மாமாவின் மோட்டார் சைக்கிளில்தான் மருத்துவமனைக்குப் போய் வந்தார். ஆகவே எல்லாரும் மாதக்கணக்கில் போராட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதம், பன்னிரண்டு நாள். அதற்குள் ஒரு தவணை கட்டினோம். அது கடனைத்தான் குறைத்தது, வீணாகவில்லை. எவ்வளவு காலம் தாங்க முடியும் என்று குடும்பம் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு, அந்த எல்லைக்குள் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

நிறுவனம் இறங்கி வராவிட்டால்?

வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக. நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் எழுத்துமூலம் புகார் செய்து, அவர்களின் இறுதி முடிவைப் பெற வேண்டும். அதில் உடன்பாடு இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் குறைதீர்ப்பாளரை நாடலாம். 2005-ல் நிதிச் சமரச மையமாகவும், 2016 அக்டோபர் முதல் நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் அமைப்பாகவும் இருந்தது, 2025 ஜனவரி முதல் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையாகச் செயல்படுகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதிப் பிணக்குகளை அது விசாரிக்கும். அங்கே கிடைக்கும் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நாம் ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லும் உரிமை நமக்கு அப்படியே இருக்கும். இதைவிட எளிய கதவு வேறு என்ன வேண்டும்?

ஆனால் ஒன்று. எந்தக் குறைதீர்ப்பாளராலும் ஒப்பந்தத்தில் இல்லாததைத் தர முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது எத்தனை காடிகள் கூரை வரை மூழ்கின என்பதை நாம் பார்த்தோம். ‘முழுமைக் காப்புறுதி’ என்ற பெயரை நம்பியிருந்த பலருக்கு அப்போதுதான், வெள்ளத்துக்குத் தனியாகச் சந்தா கட்டி இயற்கைப் பேரிடர்ப் பாதுகாப்பைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது. பேரம் பேசும் திறமை அங்கே உதவாது. படிக்க வேண்டியதைப் படிக்க வேண்டிய நாளில் படித்திருக்க வேண்டும். அந்த நாள், விபத்து நடந்த நாள் அல்ல. காப்புறுதி புதுப்பிக்கும் நாள்.

நம் கழகம் என்ன செய்யலாம்?

இந்தக் கட்டுரையைத் தமிழ்மொழிக் கழக மலரில் ஏன் எழுத வேண்டும், நுகர்வோர் இதழுக்கு அனுப்பலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். என் பதில் இது.

அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு மலாய் நன்றாகப் பேசத் தெரியும். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடத் தெரியும். நான் கடிதத்தைப் படித்துவிட்டு அவருக்குத் தமிழில் சொல்ல முயன்றபோது திணறினேன். பட்டப்படிப்பில் தமிழை ஒரு பாடமாக எடுத்தவன் நான். பட்டிமன்றத்தில் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசியவன். ‘சந்தை விலை’க்கும் ‘காப்புறுதித் தொகை’க்கும் உள்ள வேறுபாட்டை என் சொந்த அப்பாவுக்கு விளக்க எனக்கு இரண்டு மாலைகள் தேவைப்பட்டன. கடைசியில் ஆட்டுச் சந்தையை உதாரணம் காட்டித்தான் விளக்கினேன். “நீ ஆட்டை ஆயிரத்துக்கு வாங்கினன்னு சொல்லிக்கலாம், செத்த அன்னைக்கு அது என்ன விலை போகுமோ அதான் கணக்கு” என்று சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது.

தமிழ் வாழ வேண்டும் என்று மேடையில் முழங்குகிறோம். நல்லதுதான். நம் பெற்றோரின் பணம் தங்கியிருக்கும் காகிதங்களை விளக்கவும் அந்தத் தமிழ் பயன்பட வேண்டாமா? வாடகைக் கொள்முதல், காப்புறுதி, உயில், வேலை ஒப்பந்தம் இவற்றையெல்லாம் நம் வீட்டுத் தமிழில் சொல்லப் பழகினால், மொழிக்கும் அது வளம், வீட்டுக்கும் அது பலம்.

ஆகவே செயலவைக்கு என் தாழ்மையான பரிந்துரை. ஆண்டுதோறும் நடத்தும் சமூகச் சேவை முகாமில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். சட்டம் படிக்கும் மாணவர், கணக்கியல் படிக்கும் மாணவர், தமிழ் படிக்கும் மாணவர் ஆகிய மூவர் ஒரு மேசையில் உட்காருங்கள். ஊர் மக்கள் தங்கள் காப்புறுதிக் காகிதங்களைக் கொண்டு வரட்டும். எந்த வகைக் காப்புறுதி, எவ்வளவு தொகை, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் அனுப்பிய கடிதத்தின் மாதிரியைத் தருவதற்கு நான் தயார். முன்னாள் மாணவர்களில் இத்துறையில் பணிபுரிபவர்களும் முன்வந்தால் இன்னும் சிறப்பு.

அப்பா இப்போது வேறொரு காடி ஓட்டுகிறார். பழையதுதான், ஆட்டோதான். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் மாதம் வந்தால், நான் கேட்பதற்கு முன்பே அவரே தொலைபேசியில் கூப்பிட்டுவிடுகிறார். “இந்த வருஷம் சந்தையில இது என்ன விலை போவுதுன்னு பாருப்பா. அப்புறம் ஏஜெண்ட்கிட்ட சொல்லு, பாரத்துல ஆட்டோன்னு போட்டிருக்கானான்னு முதல்ல பாக்கச் சொல்லு.”